திரையில்லாத சர்வரில் கோடு வரையக் கற்றுத் தந்தவர்களுக்கு

அன்புள்ளவர்களே,

இன்று காலை 5 மணி அறிக்கையில் 14 வரைபடங்களும் ஒழுங்காக வந்து சேர்ந்தன. தொடர்ந்து 30 நாளாக வருகின்றன. கோட்டுப் படம் வந்ததற்கெல்லாம் மடலா என்று கேட்பவர்கள், அதற்கு முந்தைய மூன்று வாரம் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

தடுப்பூசி வைக்கும் குளிர் அறைகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு அறையின் ஒரு நாள் வெப்பநிலையையும் பைதான் நிரல்மொழியில், மேட்பிளாட்லிப் என்ற வரைபட நூலகத்தைக் கொண்டு படமாக்கிப் பொறுப்பாளர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். அதுதான் எனக்கு வந்த வேலை. என் மடிக்கணினியில் ஓடியது. சர்வருக்குள் நுழைந்து கையால் ஓட்டிப் பார்த்தேன், அங்கும் ஓடியது. சரி என்று, குறித்த நேரத்தில் நிரலைத் தானாக ஓட்டும் கிரானில் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் வெறும் மடல் வந்தது, படம் ஒன்றுகூட இல்லை. பதிவுக் கோப்பில் ஒரே வரி: டிஸ்ப்ளே பெயர் இல்லை, டிஸ்ப்ளே மாறியும் இல்லை. அதாவது, எந்தத் திரையில் காட்டுவது என்று நிரலுக்குத் தெரியவில்லை.

முதல் நன்றி அன்றிரவு பணியில் இருந்த சிஸ்டம் அட்மின் அண்ணனுக்கு. அவர் என் நிரலைத் திறக்கவே இல்லை. "தம்பி, நீங்க சர்வருக்குள்ள எப்படி வர்றீங்க?" என்று மட்டும் கேட்டார். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் கட்டளையோடு பெரிய எழுத்து எக்ஸ் ஒன்றைச் சேர்த்து அடிப்பது என் பழைய பழக்கம். அதனால் நான் ஓட்டும்போதெல்லாம் நிரல் என் மடிக்கணினித் திரையைச் சத்தமில்லாமல் கடன் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. கிரானுக்குக் கடன் கொடுக்க யார் இருக்கிறார்கள்?

அப்போதே எக்ஸ்விஎஃப்பி என்ற பொய்த்திரையை நிறுவி, 99 என்ற எண்ணில் ஓடவிட்டார். நினைவகத்துக்குள்ளேயே இருக்கும் திரை அது, யார் கண்ணுக்கும் தெரியாது. மறுநாள் படங்கள் வந்தன. "இது கட்டுதான் தம்பி, மருந்து இல்ல" என்று அவர் அன்றே எச்சரித்திருந்தார். நான் காதில் வாங்கவில்லை. நான்காம் நாள் சர்வர் திடீரென்று அணைந்து எழுந்தது. பழைய பூட்டுக் கோப்பு அப்படியே கிடந்ததால், 99-இல் ஏற்கெனவே ஒரு திரை ஓடுகிறது என்று சொல்லிப் பொய்த்திரை எழ மறுத்துவிட்டது. ஓடாத திரைக்கு ஓடுவதாகச் சாட்சி!

மருந்து கொடுத்தவர் எங்கள் குழுவின் மூத்த நிரலாளர். 2002-இல் ஜாவா 1.4 வந்து திரையில்லாமலே இயங்கும் 'ஹெட்லெஸ்' வசதியைத் தரும்வரை தாங்களும் சர்வரில் இதே பொய்த்திரையை வைத்துத்தான் காலம் தள்ளினோம் என்று சிரித்தார். அப்புறம் கேட்டார்: "உனக்குப் படம் வரையணுமா, காட்டணுமா?"

இரண்டும் ஒன்று என்றே அதுவரை நினைத்திருந்தேன். எங்கள் சர்வரில் மேட்பிளாட்லிப் தானாக எடுத்துக்கொண்ட பின்தளத்தின், அதாவது படத்தை உருவாக்கித் தரும் உள்பகுதியின், பெயர் டிகே-ஏஜிஜி. டிகே சாளரம் திறக்கிறது, ஏஜிஜி வரைகிறது. எனக்கு வேண்டியது பின்பாதி மட்டும்தான். அது புள்ளிகளை நினைவகத்திலேயே கணக்கிட்டு பிஎன்ஜி படக் கோப்பாக எழுதிவிடும், திரை இருக்கிறதா என்றே கேட்காது. ஏஜிஜி மட்டும் போதும் என்று நிரலில் ஒரு வரி சேர்த்தேன். ஆனாலும் பிழை போகவில்லை. எங்களுடைய வேறொரு கோப்பு மேட்பிளாட்லிப்பின் ஒரு பகுதியான பைபிளாட்டை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது, என் வரி வந்து சேர்வதற்குள் பந்தி முடிந்துவிடுகிறது என்று கண்டுபிடித்தவரும் அவர்தான். கடைசியில் பின்தளத்தின் பெயரைச் சூழல் மாறியாக, அதாவது நிரல் தொடங்கும் முன்பே அதற்குச் சொல்லிவைக்கும் அமைப்பாக, கிரான் வரியிலேயே எழுதினோம். 2018-இல் வந்த 3.0 பதிப்பு முதல் மேட்பிளாட்லிப்பே திரை இல்லாததைப் பார்த்துத் தானாக ஏஜிஜிக்கு மாறிக்கொள்ளும். எங்களிடம் இருந்தது 2.2.

முகம் தெரியாத இருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும், தாமதமாகத்தான். மேட்பிளாட்லிப்பைத் தொடங்கிய ஜான் ஹன்டர் நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்பதிவுகளைப் பார்ப்பதற்காக எழுதத் தொடங்கியது அது. அவர் 2012-இல் காலமானார். கோட்டின் ஓரத்தைப் பிசிறில்லாமல் வரையும் ஏஜிஜி நூலகத்தை எழுதிய மாக்சிம் ஷெமனாரெவ் 2013-இல் காலமானார்.

இனி தமிழ்த் தலைப்பு. 'வெப்பநிலை' என்று போட்ட இடத்தில் வெறும் கட்டங்கள் வந்தன. சர்வரில் தமிழ் எழுத்துருவே இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழை நிறுவினோம், மேட்பிளாட்லிப் சேர்த்துவைத்திருந்த பழைய எழுத்துருப் பட்டியலையும் அழித்தோம். கட்டம் போய் எழுத்து வந்தது. ஆனால் 'வெ'யின் கொம்பு வகரத்தை விட்டுவிட்டு அடுத்த பகரத்தின் முன்னால் போய் நின்றது. 'லை'யின் கொம்பு வாலாகத் தொங்கியது. யூனிகோடில் மெய்க்குப் பின்னால்தான் கொம்பு சேமிக்கப்படுகிறது. அதை முன்னால் நகர்த்துவது எழுத்தைக் கோக்கும் மென்பொருளின் வேலை. எங்கள் பதிப்புக்கு அந்த வேலை தெரியாது.

எழுத்துரு வடிவமைக்கும் என் தோழிதான் வழி சொன்னாள். படத்தை எஸ்விஜி என்ற வடிவில், எழுத்தை எழுத்தாகவே விட்டுச் சேமி, பிறகு ஆர்எஸ்விஜி-கன்வர்ட் என்ற கருவியைக் கொண்டு பிஎன்ஜி ஆக்கு என்றாள். அந்தக் கருவி பாங்கோ என்ற நூலகத்தைக் கொண்டு எழுத்துக் கோப்பதால் கொம்பு தன் இடத்துக்கு வந்தது. அதற்கும் திரை வேண்டாம். ஒரு கொம்புக்காக இரவு 11 மணி வரை அலைபேசியில் இருந்தவளுக்கு நன்றி என்று ஒரு வார்த்தையில் சொல்வது கஞ்சத்தனம்தான்.

வரைந்த படத்தை மூடாமல் விட்டால் நினைவகம் நிரம்பும் என்று நினைவூட்டிய புதுப் பையனுக்கும் நன்றி.

கடைசியாக, குளிர் அறைகளின் பொறுப்பாளர் அக்காவுக்கு. படம் வராத நாளில் எல்லாம் அவர் என்னைத் திட்டவில்லை. 14 அறைக்கும் நடந்துபோய், வெப்பமானியைப் பார்த்துத் தாளில் எழுதிவைத்தார். போன வாரம் அந்தத் தாள்களை என் கோடுகளோடு ஒப்பிட்டேன். 13 அறைகள் பொருந்தின. 6-ஆம் அறையில் மட்டும் என் கோடு அரை டிகிரி கீழே ஓடுகிறது. அக்கா, உணரியை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். அதுவரை அந்த ஓர் அறைக்கு மட்டும் உங்கள் தாளையே நம்புங்கள்.