எஸ்றாவின் ஆணை ஒன்றே யூத வழக்கம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாபிலோனியச் சிறையிருப்பிலிருந்து திரும்பிய யூதர்கள், தாங்கள் மணந்திருந்த வேற்றினப் பெண்களை விலக்கி வைத்தது பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அக்காலத்து யூதர் அனைவரும், அவ்வாறு விலக்கச் சொன்ன எஸ்றாவின் ஆணையையே தங்கள் வழக்கமாகக் கொண்டிருந்தனர் என்று அதில் கூறப்பட்டிருப்பது சரியன்று.

பாரசீக மன்னர் கோரேசு (சைரஸ்) கி.மு. 538-இல் நாடு திரும்ப அனுமதி அளித்தார். ஆசாரியரும் வேதபாரகருமான எஸ்றா எருசலேமுக்கு வந்ததோ மரபுக் கணக்குப்படி கி.மு. 458-இல். இடைப்பட்ட எண்பது ஆண்டுகளில் அக்கம்பக்கத்தாரோடு கொள்வினை கொடுப்பினை ஏற்பட்டதில் வியப்பில்லை. ஆலயத்தின் முன் அடைமழையில் நடுங்கியபடி கூடியிருந்த மக்களிடம் எஸ்றா அந்த உறவுகளை அறுக்கச் சொன்னார். மூன்று நாளுக்குள் வராதவனுடைய உடைமைகள் பறிக்கப்படும், அவன் சபையிலிருந்தும் நீக்கப்படுவான் என்று முன்னதாகவே அறிவிக்கப்பட்டிருந்தது. சமயத் தூய்மையோடு நிலவுரிமையும் இதில் கலந்திருந்தது என ஆய்வாளர் பலர் கருதுவதற்கு இந்த அறிவிப்பும் ஒரு காரணம். மூன்று மாத விசாரணைக்குப் பின் சுமார் 110 ஆண்களின் பெயர்கள், ஆசாரியர் குடும்பத்தாரை முதலில் வைத்து, பட்டியலிடப்பட்டன. அவர்களுடைய மனைவியர் ஒருவரின் பெயரும் அதில் இல்லை.

பின்னர் பாரசீகரின் ஆளுநராக வந்த நெகேமியாவும் கடுமையானவர்தாம். பிள்ளைகளில் பாதிப்பேர் அஸ்தோத் என்ற பெலிஸ்திய நகரத்து மொழி பேசுவதைக் கண்டு தகப்பன்மாரை அடித்து, மயிரைப் பிய்த்தார். பிரதான ஆசாரியர் குடும்பத்தில் சமாரியாவின் தலைவரான சன்பல்லாத்துக்கு மருமகனாயிருந்தவனைத் துரத்திவிட்டார். ஆயினும், இனி இத்தகைய மணம் செய்யமாட்டோம் என்று சத்தியம் வாங்கினாரே தவிர, ஏற்கெனவே மணந்தவர்கள் மனைவியரை அனுப்பிவிட வேண்டும் என்று அவர் ஆணையிட்டதாக நெகேமியா நூலில் இல்லை.

இதே காலத்தில், எகிப்தில் இன்றைய அஸ்வானை ஒட்டிய எலிபன்டைன் தீவில் வாழ்ந்த யூதர்களின் அரமேயப் பத்திரங்கள் கிடைத்துள்ளன. அங்கிருந்த, யாகு என்று அவர்கள் அழைத்த இறைவனின் ஆலயத்தின் பணியாளரான அனனியா, தாமுத் என்ற எகிப்திய அடிமைப் பெண்ணை கி.மு. 449-இல் மணந்தார். அவள் கொண்டுவந்த கம்பளி ஆடை, கண்ணாடி, ஒரு ஜோடி செருப்பு ஆகியவற்றைக்கூடக் குறித்திருக்கும் அந்தத் திருமணப் பத்திரம், மணவிலக்குக் கோரும் உரிமையை இருவருக்கும் அளிக்கிறது. ஆலயப் பணியாளரே இவ்வாறு மணந்திருப்பது எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய சான்றன்று.

யூதா குலத்தவரை மணந்த மோவாபியப் பெண்ணான ரூத்தின் கதையையும் சிலர் சான்றாகக் காட்டுவர்; அந்நூலின் காலம் குறித்துக் கருத்தொற்றுமை இல்லாததால் அதை நான் இங்கே சாட்சிக்கு அழைக்கவில்லை. ஆனால் சிறையிருப்புக்குப் பிந்தியது எனப் பெரும்பாலான அறிஞர்கள் கருதும் விவிலியத்தின் ஏசாயா நூல் 56-ஆம் அதிகாரம், ஓய்வுநாளைக் கைக்கொள்ளும் அந்நியர் கர்த்தருடைய ஆலயத்தில் ஏற்றுக்கொள்ளப்படுவர் என்று தெளிவாகவே சொல்கிறது. எஸ்றாவின் ஆணையை இத்தனை விரிவாக எடுத்துரைத்த கட்டுரையாளர் இந்த எதிர்க்குரலுக்கு ஒரு பத்தியேனும் ஒதுக்கியிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை.