சின்னக்காவுக்கு: ராத்திரி வேர்வையும் ஆடுகிற பல்லும்

ஈஸ்ட்ஹாம், லண்டன்
ஜனவரி 18

அன்புள்ள சின்னக்கா,

உன் கடிதம் தீபாவளிக்கு முன்பே வந்துவிட்டது. பொங்கலும் போய் இப்போதுதான் பதில் எழுதுகிறேன், திட்டாதே. ராத்திரி குப்பென்று சூடு ஏறித் தலையணை நனைகிறது, கீழ்ப்பல் வேறு ஆடுகிறது, கேட்டால் "இந்த வயசுல அப்படித்தான்" என்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அது மனசை விட்டுப் போகவில்லை.

இங்கே எங்கள் டாக்டரம்மா அப்படிச் சொல்லி அனுப்புகிறவர் இல்லை. 45 தாண்டி, தீட்டு தள்ளித் தள்ளிப் போய், இப்படிச் சூடும் வந்தால் அது தீட்டு நிற்கப் போகிற அறிகுறிதான், ஹார்மோன் ரத்தப் பரிசோதனையே தேவையில்லை என்கிறார். அந்த அளவு நாளுக்கு நாள் மாறுமாம். தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்ப்பார், ஏனென்றால் அவையும் இதே படபடப்பையும் சோர்வையும் காட்டும்.

மருந்து என்றால் ஈஸ்ட்ரோஜன் பேட்ச், அந்த ஹார்மோன் உள்ள ஒட்டுப்பட்டை. இடுப்புக்குக் கீழே ஒட்டி, வாரம் இருமுறை மாற்ற வேண்டும். மார்புப் பக்கம் ஒட்டக்கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நிற்காது, வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தால் கையோடு உரிந்து வரும். விழுங்குகிற மாத்திரை ரத்தம் உறைவதைக் கொஞ்சம் கூட்டும், பேட்ச் கூட்டாது. கர்ப்பப்பை இருக்கிறவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் தரக்கூடாது, உள்சுவர் தடித்துப் புற்றில் கொண்டுபோய் விடலாம். கூடவே புரோஜெஸ்டிரோன் என்கிற இன்னொரு ஹார்மோனும் வேண்டும். அது தூக்கம் வரவைக்கும், படுக்கும்போதுதான் போட வேண்டும். பெரியத்தைக்கு மார்பில் புற்று வந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல். மருந்துக்கடையில் நீயாகக் கேட்டு வாங்கிவிடாதே. இங்கே 2023 ஏப்ரலிலிருந்து இரண்டு மருந்துக்கான கட்டணத்தை ஒருமுறை கட்டினால், ஒரு வருஷத்துக்கு இந்த ஹார்மோன் மருந்துகள் கிடைக்கும். அதனால் செலவு ஒன்றும் பெரிதில்லை.

இன்னொன்று. ஒரு வருஷம் நின்றுபோய் மறுபடி ஒரு சொட்டுப் பட்டாலும் அந்த வாரமே போய்க் காட்டு. கல்யாணம் முடியட்டும், அறுப்பு முடியட்டும் என்று தள்ளாதே.

பல் டாக்டர் இன்னும் ஒரு படி மேல். வாயைத் திறக்கச் சொல்லுமுன் தீட்டு நின்றுவிட்டதா, சர்க்கரை எவ்வளவு, என்ன மாத்திரை என்று கேட்டார். இந்த வயதில் எச்சில் குறையும், வாய் காந்தும். எச்சில் காய்ந்தால் ஈறோரம் சொத்தை பிடிக்கும். ஆடுகிற பல்லை உடனே பிடுங்கக் கொடுக்காதே. முதலில் ஈறு ஆழம் அளக்கச் சொல். நுனி மழுங்கிய, கோடு போட்ட மெல்லிய கம்பியை ஒரு பல்லைச் சுற்றி 6 இடத்தில் மெதுவாக இறக்குவார்கள். 3 மி.மீ. வரை சரி, அதற்கு மேல் போனால் ஈறுக்கு அடியில் வேரோரம் காரை சுரண்ட வேண்டும். சர்க்கரை ஏறியிருந்தால் எவ்வளவு சுரண்டினாலும் ஈறு சரியாக ஆறாது. உமிக்கரியை விட்டுவிடு. ஃபுளோரைடு பேஸ்ட்டில் தேய்த்து, நுரையைத் துப்பு, தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதே.

எலும்புக்கு வாரம் ஒரு மாத்திரை எழுதினால், பிடுங்க வேண்டிய பல்லை அதற்கு முன்பே பார்த்துவிடு. அபூர்வமாகத்தான், ஆனால் பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போவதுண்டு. விடிகாலை வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரோடு விழுங்கு. காபி கூடாது. அரை மணி நேரம் படுக்காதே, தொண்டைக்குழாயில் தங்கினால் புண்ணாக்கும்.

எனக்கும் ஒரு பல்லுக்கு கிரவுன், அதாவது பல் மேலே மாட்டுகிற உறை, போடச் சொன்னார். கோடையில் பார்க்கலாம் என்று விட்டிருக்கிறேன். வேலை நேரம் ஒத்துவரவில்லை, வேறொன்றுமில்லை.

கீழ்வீட்டு அயர்லாந்துக்காரம்மா இந்தப் பனியிலும் கதவைத் திறந்து போட்டு வாசற்படியில் உட்கார்ந்து சர்ச் நோட்டீசால் விசிறிக்கொள்கிறாள். கிறுக்கு என்று நினைத்திருந்தேன். போன வாரம் இரண்டு மணிக்கு எழுந்து ஜன்னலோரம் நின்றபோது, அம்மா திண்ணையில் பனையோலை விசிறியோடு விடிய விடிய உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. அப்போது அவளுக்கு 47 இருக்குமா? ஏம்மா தூங்கலை என்று நாம் ஒருத்தரும் கேட்டதில்லையே அக்கா.

சரி, கிணற்றடி நிலத்து விஷயம். பவர் பத்திரத்தில் இங்கே இந்திய ஹைகமிஷனில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். அங்கே வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும், தம்பியிடம் சொல், மறந்துவிடுவான். வடக்கு வரப்புத் தென்னை நம்முடையதுதான், சித்தப்பாவிடம் விட்டுக்கொடுக்காதே. அப்பா திதிக்கு ஐயரிடம் நாள் கேட்டாயா?

உன் தங்கை