வார்டில் என்ன சொல்லித்தர வேண்டும் என்று கேட்டாயே

அம்பாசமுத்திரம்
ஐப்பசி 12

அன்புள்ள தோழிக்கு,

ஏட்டி, உன் கடிதம் கிடைத்தது. உன்னைக் கிட்னி மாற்று வார்டுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே மூன்று நாளாக மழை. ஆற்றில் படித்துறை பாதி முங்கிக் கிடக்கிறது. வெளியே போக வழியில்லை, ஆற அமர எழுதுகிறேன்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்குச் சாப்பாட்டைப் பற்றி எப்படிச் சொன்னால் பதியும் என்று கேட்டிருந்தாய். அந்தப் படிப்பு உனக்குத் தெரியும். சொன்னதைக் கேட்டுக்கொண்ட வீட்டார் பக்கத்திலிருந்து நான் சொல்கிறேன்.

தம்பிக்கு என் கிட்னியைக் கொடுத்து வரும் தையோடு 7 வருஷம். நான் சுகமாக இருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை பிரஷரும், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் பார்த்துக்கொள்கிறேன், டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை தொடுவதில்லை. அவனுக்கும் கிரியேட்டினின் 1.3-ல் நிற்கிறது. ஆனால் முதல் வருஷம் நாங்கள் பட்ட பாட்டில் பாதி, சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவரிடம் சொல்லாததால் வந்தது.

டிஸ்சார்ஜ் அன்று டயட்டீஷியன் வந்து பேசினார். நல்ல மாதிரிதான், பொறுமையாகவே சொன்னாராம். அப்போது தம்பி மனைவி பில் கட்டும் வரிசையில் நின்றாள், அம்மா ஊரில். கேட்டவன் தம்பி ஒருவன். அவனுக்கு அடுப்புப் பற்றவைக்கத் தெரியாது. கையில் ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாள்.

நாலாம் மாசம் அவன் கை நடுங்க ஆரம்பித்தது. காபி டம்ளரைப் பிடித்தால் சட்டையில் சிந்தும். ரத்தம் எடுத்துப் பார்த்தால், புதுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையின் அளவு, 8-க்குள் நிற்க வேண்டியது, 18. கிரியேட்டினினும் ஏறியிருந்தது. என்ன சாப்பிட்டாய் என்று டாக்டர் குடைந்து குடைந்து கேட்ட பிறகுதான் வெளியே வந்தது: பெரியம்மா தோட்டத்துப் பம்பளிமாஸ். பழம் நல்லது என்று ஒரு வாரமாகத் தினம் நாலு சுளை. தவிர்க்க வேண்டியவை என்று தாளில் முதலில் இருந்ததே கிரேப்ஃப்ரூட்தான். தம்பி மனைவி அதைத் திராட்சை என்று படித்திருக்கிறாள். பாயசத்தில் கிடக்கும் உலர் திராட்சையைக்கூடப் பொறுக்கிப் போட்டுவிட்டு அவனுக்கு ஊற்றுவாள் அந்தப் பிள்ளை. அவ்வளவு கவனமாக இருந்தவள் அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுத அழுகை எனக்கு இன்னும் மறக்கவில்லை. கிரேப்ஃப்ரூட் பம்பளிமாசும் ஆரஞ்சும் கலந்து பிறந்த பழம் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? குடலில் அந்த மாத்திரையை உடைக்கிற நொதியை இந்தப் பழம் முடக்கிப் போடுகிறது, அதனால் மருந்து அளவுக்கு மேல் ரத்தத்தில் இறங்கிவிடுகிறது என்று டாக்டர் அன்றைக்கு விளக்கினார். அந்த முடக்கம் இரண்டு மூன்று நாள்கூட நிற்குமாம். காலையில் மாத்திரை, சாயங்காலம் பழம் என்று தள்ளி வைத்தாலும் பயனில்லை என்பதையும் நீ சேர்த்துச் சொல். பழத்தின் படத்தையே காட்டு.

அடுத்தது தண்ணீர். டயாலிசிஸில் இருந்த 3 வருஷமும் நாளுக்கு 1 லிட்டர் என்று அளந்து கொடுத்தோம். நாக்கு வறண்டால் ஐஸ் துண்டு. காய்கறியை, அதிலுள்ள பொட்டாசியம் குறைய, நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துக் கொட்டி, அப்புறம்தான் தாளிப்போம். இளநீர் வாசலுக்கே வராது. ஆபரேஷன் முடிந்ததும் 3 லிட்டர் குடி என்றார்கள். அவனால் முடியவில்லை. இரண்டாவது டம்ளரைக் கையில் எடுத்ததும் மூச்சு முட்டப்போகிறது என்கிற பழைய பயம். அம்மாவோ ஆறு மாசம் காய்கறியை வடித்துக் கொட்டிக்கொண்டே இருந்தாள். அதை நிறுத்தலாமா என்று அவளும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. டாக்ரோலிமஸ் பொட்டாசியத்தை ஏற்றும், ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் இளநீரும் வாழைப்பழமும் என்பது பிறகு தெரிந்தது. புதுத் தாளைக் கொடுக்கும்போது டயாலிசிஸ் காலத்துத் தாளைக் கேட்டு வாங்கி, எது போயிற்று, எது இன்னும் இருக்கிறது என்று வரி வரியாக அடித்துக் காட்டு.

பிறகு அந்தப் பசி! ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கும் பசி அது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ராத்திரி 2 மணிக்கு எழுந்து சோற்றுப் பானையைத் திறப்பான். 54 கிலோ 67 ஆயிற்று. வந்தவர்களெல்லாம் "பிள்ளை தேறிட்டாம்லா" என்று மகிழ்ந்து போனார்கள், அம்மா இன்னும் ஒரு கரண்டி நெய் விட்டாள். சர்க்கரை 260-க்குப் போனபோதுதான் விழித்தோம். நம்மூரில் மெலிந்தவன் பூசினாற்போல் ஆனால் நோய் போயிற்று என்று நினைக்கிறோம், அதை முன்கூட்டியே நீ எடுத்துச் சொல்ல வேண்டும். கிராம் கணக்குச் சொல்லாதே. அவர்கள் வீட்டுக் கரண்டியைக் கொண்டுவரச் சொல்லி, சோறு இத்தனை, பருப்பு இத்தனை, முட்டை இத்தனை என்று காட்டு.

அம்மாவுக்குப் பெரிய மனக்குறை பழைய சோறுதான். சின்ன வயசிலிருந்து அவன் வளர்ந்தது அதில். ராத்திரி முழுக்க வெளியில் ஊறும் சோற்றில் என்னென்ன கிருமி பெருகும், எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருக்கும் உடம்பு அதைத் தாங்காது என்று அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க ஒரு வருஷம் ஆயிற்று. ஆடிக்கூழ், தேர் அன்று பந்தலில் கொடுக்கும் பானகம், நீர்மோர் எல்லாம் அப்படித்தான். வேண்டாம் என்றால் சாமி குற்றம் என்று பயப்படுகிறார்கள். கடைசியில் எங்கள் கோயில் குருக்களே வழி சொன்னார்: தீர்த்தத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளட்டும், இறக்கின சூட்டோடு சர்க்கரைப் பொங்கலில் ஒரு வாய் தருகிறேன் என்று. அவன் அதை வாங்கிச் சாப்பிட்டபோது அம்மா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. சாப்பிடக் கூடாது என்று சொல்லும் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு மாற்று உன் கையில் இருக்கட்டும். காய்ச்சிய பாலில் வீட்டில் உறைகுத்திய அன்றைய தயிர், முளைகட்டின பயறானால் நன்றாக வேகவைத்து, பழமானால் கழுவி வீட்டில் நறுக்கியது. கஷாயம், சூரணம் எதுவானாலும் கேட்காமல் வேண்டாம் என்பதையும் சொல்லிவிடு. உடம்புக்கு எதிர்ப்புச் சக்தி தரும் என்று சொல்லிக் கொண்டுவந்து கொடுப்பவர்கள் எல்லாம் நல்ல மனசோடுதான் கொடுக்கிறார்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்லிவிடாதே, ஏட்டி. முதல் மாசம் தலைக்குள் மாத்திரைப் பேர்தான் ஓடும். மூணாம் மாசம் செக்கப்புக்கு வரும்போது சமைக்கிறவரையும் கூட்டி வரச் சொல்லி, மறுபடி உட்கார்த்திப் பேசு. அவர்களிடம் அப்போது கேட்கக் கேள்வி இருக்கும்.

கார்த்திகை முதல் வாரம் தம்பிக்கு அங்கே செக்கப். தம்பி மனைவியும் வருகிறாள். உங்கள் டாக்டர் சம்மதித்தால், வார்டில் இருக்கும் வீட்டுக்காரிகளோடு அரைமணி நேரம் அவளைப் பேசவிடு. பம்பளிமாஸ் கதையைத் தானே சொல்கிறேன் என்கிறாள். தோட்டத்திலிருந்து ஒரு காயும் பறித்துக் கொண்டுவருவாளாம், காட்டுவதற்கு.

உன் மகளுக்கு என் அன்பு. முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுதவே இல்லையே நீ.

உன் பழைய பெஞ்சுத் தோழி