வராத வசதிக்கு ஏன் இப்போதே காசு?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த தீபாவளிக்கு டிவிக்கு ஒரு சவுண்ட்பார் (நீளமான ஸ்பீக்கர்) வாங்கினேன். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் 'டால்பி அட்மாஸ்', அதாவது ஒலி நாலாபுறமும் மேலிருந்தும் வருவது போலக் கேட்கும் வசதி. அதன் கீழே கடுகளவு எழுத்தில், 'பின்னர் வரும் அப்டேட் மூலம்'. வீட்டுக்கு வந்து, கண்ணாடி போட்ட பிறகுதான் அது கண்ணில் பட்டது. பொங்கலும் போய்விட்டது, அப்டேட்டைக் காணோம். கடைக்காரரைக் கேட்டால், கம்பெனியைக் கேளுங்கள் என்கிறார்.

ஆப்பிளின் ஹோம்பாட் ஸ்பீக்கரும் 2018 பிப்ரவரியில் இப்படித்தான் விற்பனைக்கு வந்தது. இரண்டை ஜோடி சேர்த்து ஸ்டீரியோவாகக் கேட்கும் வசதி மே மாதக் கடைசியில்தான் கிடைத்தது. சரி, பிறகு வரும் என்று விற்பனைக்கு முன்பே சொல்லிவிட்டார்கள், சொன்னபடி வந்தும் விட்டது. எல்லாருக்கும் அப்படி வாய்ப்பதில்லை.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்தப் பெட்டிகளையும் கவனிக்க வேண்டும். 'பின்னர் வரும்' என்று போடுகிறவர்கள் எந்தத் தேதிக்குள் என்பதையும் அதே பெரிய எழுத்தில் அச்சிடட்டும். தேதி தவறினால் பணத்தைத் திருப்பித் தரட்டும்.

- ஒரு வாசகர், மதுரை