டமாஸ்கஸ் என்று விற்கப்பட்ட கத்தி: பணத்தைத் திருப்பித் தரக் கோரி

பெறுநர்:
வாடிக்கையாளர் பிரிவு மேலாளர்,
கத்திக் கண்காட்சி ஏற்பாட்டு நிறுவனம்,
ஜோகன்னஸ்பர்க்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

உங்கள் கண்காட்சிக்கான துண்டறிக்கையைத் தமிழிலும் அச்சிட்டு எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதியில் விநியோகித்தீர்கள். ஆகவே புகாரையும் தமிழிலேயே எழுதுகிறேன். படித்துச் சொல்ல உங்களிடம் ஆள் இருப்பது அந்த அறிக்கையிலிருந்தே தெரிகிறது.

டர்பனிலிருந்து விடியுமுன் காரில் புறப்பட்டு, என்3 நெடுஞ்சாலையில் வான் ரீனன் கணவாயைத் தாண்டி உங்கள் அரங்குக்கு வந்தேன். பொதுமக்களுக்கு ஒரு மணி நேரம் முன்பே நுழைய 350 ரேண்டு டிக்கெட் எடுத்திருந்தேன். சாதாரண டிக்கெட் 150 ரேண்டு. கையால் கத்தி செய்பவர்கள் ஒரு கண்காட்சிக்குச் சில கத்திகளைத்தான் கொண்டுவர முடியும். நல்லவை முதல் மணி நேரத்திலேயே போய்விடும். கூடுதல் பணம் கொடுப்பது அதற்காகத்தான். வாசலில் டிக்கெட் சரிபார்க்கும் கருவி வேலை செய்யவில்லை என்று சொல்லி எல்லாரையும் ஒன்றாக உள்ளே விட்டார்கள். பதினொரு மணிக்கு என்று அறிவித்த உலைச் செயல்விளக்கமும் நடக்கவில்லை. இவற்றோடு முடிந்திருந்தால் முணுமுணுத்துவிட்டு விட்டிருப்பேன்.

என் உண்மையான புகார் நான் வாங்கிய சமையல் கத்தியைப் பற்றியது. "விற்பவரே தம் பட்டறையில் அடித்த டமாஸ்கஸ். 1095, 15என்20 எஃகுகளின் அடுக்குகள். கைப்பிடி காட்டுப்பன்றிக் கோரைப்பல்" என்று அட்டையில் எழுதியிருந்தது. இருவகை எஃகு அடுக்குகளை உலையில் ஒட்ட வைத்து அடித்து, அலகில் கோலம் போல் கோடுகள் தெரியச் செய்வதைத்தான் இன்று டமாஸ்கஸ் என்கிறார்கள். விலை 4,200 ரேண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மாதிரியை மட்டும் காட்டினார்கள். எனக்குக் கொடுத்த கத்தி மேசைக்கு அடியிலிருந்து உறையோடு, பிளாஸ்டிக் பட்டை பூட்டி வந்தது. அரங்கை விட்டு வெளியேறும்வரை அந்தப் பட்டையை வெட்டக் கூடாது என்பது உங்கள் விதி. பாதுகாப்புக்கு அது சரியான விதிதான். மோசடிக்கும் அது மிக வசதி. பணத்தை உங்கள் பொதுக் கட்டண மேடையில் செலுத்தினேன். ரசீது உங்கள் நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. "கையால் செய்தது" என்ற சான்றிதழிலும் உங்கள் முத்திரைதான்.

வீட்டுக்கு வந்து எலுமிச்சம்பழம் நறுக்கி, கத்தியைக் கழுவாமல் சற்று வைத்திருந்தேன். 1095 கார்பன் எஃகு. எலுமிச்சைச் சாறு பட்டால் கறுக்க வேண்டும். அதே சாற்றை என்னிடம் இருக்கும் பழைய ஒக்காப்பி மடக்குக் கத்தியிலும் தடவினேன். 1902இல் ஆப்பிரிக்கக் காலனிகளில் விற்பதற்காக ஜெர்மனியில் செய்யத் தொடங்கி, 1988 முதல் நம் தென்னாப்பிரிக்காவிலேயே செய்யப்படும் அந்த மலிவான கத்தி, சிறிது நேரத்தில் கறுத்துப் போனது. நீங்கள் சான்றளித்த 4,200 ரேண்டு கத்தி பளபளவென்று சிரித்தது. துருப்பிடிக்காத எஃகு என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் வேண்டுமா?

பிறகு கத்தியின் முதுகை, அதாவது வெட்டாத மேல் விளிம்பை, பார்த்தேன். அடுக்குகளை உலையில் ஒட்ட வைத்து அடித்த எஃகானால், அலகின் பக்கங்களில் ஓடும் கோடுகள் முதுகிலும் தொடர வேண்டும். இதன் முதுகு வெறுமையாக இருந்தது. பிடியை ஒட்டிய இடத்தில், ஒரு கட்டைவிரல் நக அகலத்துக்கு மட்டும், உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, எஃகை அரிக்கும் அமிலக் கரைசலான ஃபெரிக் குளோரைடு தடவினேன். உண்மையான அடுக்கு எஃகில் 1095 கறுக்கும், நிக்கல் கலந்த 15என்20 வெளிறியே நிற்கும். அழிந்த கோலம் மீண்டும் எழும். இங்கே மந்தமான ஒரே சாம்பல் நிறம்தான் வந்தது. அலகின் மேல்தோலில் பொறித்த வெறும் படம் அது. கைப்பிடியில் சூடேற்றிய ஊசியை வைத்தேன். வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கியது. பிளாஸ்டிக் கருகும் வாடை வீசியது. புகைப்படங்களை இணைத்துள்ளேன்.

இவற்றையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதி மின்னஞ்சல் அனுப்பினேன். "கைவேலைப் பொருள்களில் கோலம் நாளடைவில் மங்குவது இயல்பு" என்று பதில் வந்தது. மங்குவது இயல்புதான். அமிலத்தில் தோய்த்தால் திரும்பி வருவதும் இயல்பு. அதுதான் என் கத்தியில் நடக்கவில்லை என்று எழுதியிருந்தேன். பதில் எழுதியவர் என் கடிதத்தின் இரண்டாவது பத்திக்குப் போகவே இல்லை.

இன்னொன்று. அந்த விற்பனையாளர் "பழைய டமாஸ்கஸ் வாள்களின் அதே கலை" என்று கூவிக்கொண்டிருந்தார். அந்த வாள்களுக்கான எஃகு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையில் (உலைக்குள் வைக்கும் மண் குடுவையில்) உருக்கி எடுக்கப்பட்டுக் கடல் கடந்து போனது. இன்று டமாஸ்கஸ் என்று விற்கப்படும் அடுக்கு எஃகு வேறு முறை. நேர்மையான பட்டறைக்காரர்கள் இதைக் கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள்.

அப்படிப்பட்டவர்களும் உங்கள் அரங்கில் இருந்தார்கள் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அடுத்த வரிசையில் ஒரு பெரியவர் ஒட்டகச்சிவிங்கி எலும்புப் பிடி போட்ட மடக்குக் கத்தியைத் திறந்து மூடி, உள்ளே ஸ்பிரிங் விழும் ஓசையைக் காது கொடுத்துக் கேட்கச் சொன்னார். எந்த எஃகு, எத்தனை பாகை வெப்பம், எண்ணெயில் எப்படித் தோய்த்தார் என்று கேட்டதற்கெல்லாம் சலிக்காமல் விளக்கினார். அவருடைய கத்தி ஒன்பதாயிரம் ரேண்டு. நாலாயிரத்துக்கு "கையால் அடித்தது" பக்கத்திலேயே கிடைக்கும்போது, புதிதாக வருபவர் அந்தப் பெரியவரைப் பேராசைக்காரர் என்றுதானே நினைப்பார்? தெற்கு ஆப்பிரிக்கக் கத்தி செய்வோரின் கில்டு என்ற தொழில் சங்கம் 1980இல் தொடங்கியது. அதில் சேர விரும்புபவர் தம் கத்திகளை முதலில் தேர்வுக்கு வைக்க வேண்டும். உங்களிடம் மேசை வாடகை கட்டினால் போதும் போலிருக்கிறது.

2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 41ஆம் பிரிவில் பொய்யான வருணனையைத் தடை செய்கிறது. 56ஆம் பிரிவின்படி, தரம் தவறிய பொருளை ஆறு மாதத்துக்குள், விற்றவரின் செலவிலும் பொறுப்பிலும் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். உங்கள் பெயரிலேயே ரசீது இருப்பதால் விற்பனையாளரைத் தேடிப் போகச் சொல்லாதீர்கள்.

எனவே 4,200 ரேண்டையும், கிடைக்காத முன்நுழைவுக்கு வாங்கிய கூடுதல் 200 ரேண்டையும் திருப்பித் தாருங்கள். அந்த மேசையில் வாங்கிய மற்றவர்களுக்கும் எழுதித் தெரிவியுங்கள். கட்டண மேடை உங்களுடையது என்பதால் விவரம் உங்களிடம் இருக்கும். அடுத்த கண்காட்சியில் கையால் செய்யாத சரக்குக்குத் தனி வரிசையும், எட்டிப் பார்க்காமலே தெரியும்படி ஓர் அறிவிப்பும் வையுங்கள். வாங்குபவர் பட்டை பூட்டுவதற்கு முன் தமக்குரிய கத்தியையே கையில் எடுத்துப் பார்க்க ஓர் இடம் ஒதுக்குங்கள்.

பதினைந்து வேலை நாள்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் பொருள்கள், சேவைகள் குறைதீர்ப்பாளரிடம் முறையிடுவேன். கத்தியை உறையோடு அட்டைப் பெட்டியில் கட்டி வைத்திருக்கிறேன். உங்கள் செலவில் கூரியரை அனுப்புங்கள். சான்றிதழின் அசல் என்னிடமே இருக்கும். நகலைத்தான் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
டிக்கெட்டும் ரசீதும் கைவசம் உள்ள வாடிக்கையாளர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.

இணைப்பு: ரசீது, சான்றிதழ் நகல், புகைப்படங்கள், உங்கள் மின்னஞ்சல் பதில்.