ஜேம்ஸ் ரூஸ் வரலாறு தமிழில் வரக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்ட ஜேம்ஸ் ரூஸின் வாழ்க்கையைத் தமிழில் எழுதி முடித்துவிட்டோம். உதவிய ஒவ்வொருவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி.

முதல் நன்றி, பழைய பதிவுகளைப் படித்துச் சொன்னவர்களுக்கு. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக்காரரான ரூஸுக்கு 1782 ஜூலையில் போட்மின் நீதிமன்றத்தில் 7 ஆண்டு தண்டனை. ப்ளிமத்தில் டன்கிர்க் என்னும் சிறைக்கப்பலில் பல ஆண்டுகள் கிடந்து, ஸ்கார்பரோ கப்பலில் 1788 ஜனவரியில் சிட்னி வந்தார். தண்டனையைத் தீர்ப்பு நாளிலிருந்து எண்ண வேண்டும். கப்பலேறிய நாளிலிருந்து எண்ணினால் கணக்கு பிசகிவிடும். அதன்படி 1789 ஜூலையில் அவர் விடுதலை பெற்றிருக்க வேண்டும். ஆனால் கைதிகளின் தண்டனைக்கால ஆவணங்கள் அவர்களை ஏற்றிவந்த கப்பல்களில் வந்து சேரவில்லை. தண்டனை முடிந்துவிட்டது என்று ரூஸ் சொன்னதைச் சரிபார்க்க, குடியேற்றத்தின் ஆளுநர் ஃபிலிப்பிடம் ஒரு தாளும் இல்லை. ஆனாலும் அந்த நவம்பரிலேயே சிட்னிக்கு அருகே பாரமட்டாவில் நிலம் கொடுத்துப் பயிரிட்டுக் காட்டச் சொன்னார்.

அந்த வெள்ளாமையை விளக்கிய விவசாய நண்பர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! ரூஸ் பயிரிட்ட முறையைப் பற்றிக் கடற்படை வீரர் வாட்கின் டென்ச் எழுதிவைத்த குறிப்பை அவர்கள் வரிவரியாகப் பிரித்துக் காட்டினார்கள். மரங்களை எரித்துச் சாம்பலை மண்ணோடு கொத்திக் கலப்பது. ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது ராடுக்கு (பழைய ஆங்கில நில அளவு) மேல் கொத்துவதில்லை, அதாவது நம் கணக்கில் ஐந்து, ஐந்தரை சென்ட். பிறகு கட்டிகளை உடைத்து, புல்லையும் களையையும் உள்ளே புதைத்து, முடிந்தவரை வெயிலில் காயவிடுவது. விதைக்கும் முன் மறுபடி ஒரு புரட்டு. எருவுக்கு வைக்கோலைக் குழியில் மக்கவைப்பது. அரசுப் பண்ணையில் மேலோட்டமாகக் கீறிவிட்டு விதைத்தார்கள். வித்தியாசம் அங்கேதான். 1791 பிப்ரவரியில், அரசு உணவுப்பங்கு தனக்கு இனி வேண்டாம் என்று சொல்லும் நிலைக்கு ரூஸ் வந்துவிட்டார். பாரமட்டாவில் அவருக்குக் கொடுத்த நிலம், 30 ஏக்கரும், அவர் பேருக்கு எழுதப்பட்டது.

கேம்ப்பெல்டவுனில் உள்ள ரூஸின் கல்லறைக்கல்லைச் சாய்ந்த வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பியவருக்கும் நன்றி. நேர்வெளிச்சத்தில் தேய்ந்த எழுத்து தெரியாது.

ரூஸுக்குக் கொடுக்கப்பட்ட நிலம் அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளான பர்ரமட்டகல் மக்களுடையது என்பதை அழுத்திச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்ட வாசகர்களுக்குத் தனி நன்றி. அதை முதல் அத்தியாயத்திலேயே வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
தொகுப்புக் குழுவினர்