லாரி ஏறும் முன் மதிப்பை எழுதி வாங்குங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வீடு மாறுவோருக்கான யோசனைகளைத் தொகுத்து சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். ஃபிரிட்ஜை முதல் நாளே அணைத்துத் தண்ணீர் வடிய விடுவது, முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினுக்கு டிரம் அசையாமல் போல்ட் பூட்டுவது, அட்டைப்பெட்டி மேல் எந்த அறைக்கு என்று எழுதுவது எல்லாம் உபயோகமான யோசனைகள்தான். ஆனால் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்காரர்கள் நீட்டும் காகிதங்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லையே என்று வருத்தமாக இருந்தது. சாமான் உடைந்தாலோ காணாமல் போனாலோ அந்தக் காகிதத்தை வைத்துத்தான் எல்லாப் பேச்சும் நடக்கிறது.

கடந்த மே மாதம் என் தங்கை குடும்பம் தாம்பரத்தைக் காலிசெய்து கோவைக்கு வந்தது. வாடகை, பேக்கிங், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் பேசி முடித்த பிறகு, 'டிரான்சிட் இன்சூரன்ஸ்' (வழியில் ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு) என்று சாமான் மதிப்பில் 3 சதவீதம் தனியாக வாங்கினார்கள். இங்கே பெட்டிகளைப் பிரித்தபோது டிவியின் வலது மூலையிலிருந்து திரை முழுக்க விரிசல் ஓடியிருந்தது. எங்கள் அம்மா வீட்டுத் தேக்கு பீரோவுக்கு ஒரு கால் ஒடிந்திருந்தது. போனில் கேட்டதற்கு, "பெட்டிக்கு வெளியில ஒண்ணும் அடிபடலையே, உள்ள உடைஞ்சதுக்கு நாங்க எப்படி மேடம் பொறுப்பாக முடியும்?" என்றார்கள். சரி, இன்சூரன்ஸ் பாலிசியை அனுப்புங்கள் என்றால், அவர்களுடைய லெட்டர்பேடிலேயே அடித்த ஒரு தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அதில் எந்த இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயரும் இல்லை, பாலிசி எண்ணும் இல்லை. அடியில் பொடி எழுத்தில் 'ஓனர்ஸ் ரிஸ்க்', அதாவது சேதமானால் சாமானுக்குச் சொந்தக்காரரே பொறுப்பு, என்று மட்டும் இருந்தது. இன்சூரன்ஸ் என்று சொல்லி வாங்கிய பணம் எங்கேயும் கட்டப்படவே இல்லை.

இது ஒரு வீட்டில் மட்டும் நடந்ததல்ல. விசாரித்தால் அக்கம்பக்கத்தில் இரண்டு பேராவது இதே கதையைச் சொல்வார்கள். இன்சூரன்ஸ் என்று பணம் கேட்டால், நம் சாமான்களைக் குறிப்பிட்டு ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்த பாலிசியோ சான்றிதழோ லாரி கிளம்பும் முன் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் அந்தப் பணத்தைக் கொடுக்கக் கூடாது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2011 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி, வாடகைக்குச் சரக்கு ஏற்றும் நிறுவனம் போக்குவரத்துத் துறையிடம் பதிவு செய்திருக்க வேண்டும். நாம் ஒப்படைக்கும் சாமான்களுக்கு மதிப்புக் குறித்து ஒரு படிவம் எழுதித் தர வேண்டும், அவர்கள் நமக்கு ரசீது தர வேண்டும். லாரிக்காரர்கள் எல்.ஆர். என்று சொல்வது இந்த ரசீதைத்தான். சேதம் ஏற்பட்டால் வாடகையைப் போல் 10 மடங்கு வரை அவர்கள் பொறுப்பு. ஆனால் நாம் எழுதிக் கொடுத்த மதிப்பை அது தாண்டாது. நம் ஆட்கள் கவனிக்காமல் விடுவது இங்கேதான். வாடகை 25,000 ரூபாய் என்றால் கணக்குப்படி இரண்டரை லட்சம் வரை கேட்கலாம். படிவத்தில் 'பழைய வீட்டுச் சாமான், மதிப்பு ரூ.50,000' என்று அவர்களே நிரப்பி, அவசரத்தில் நாம் கையெழுத்துப் போட்டிருந்தால் 50,000க்கு மேல் வாய் திறக்க முடியாது. பழைய சாமான்தானே, எதற்கு மதிப்பு என்பார்கள். அந்தப் பேச்சுக்கு மயங்கக் கூடாது. டிவி, ஃபிரிட்ஜ், பீரோ, கட்டில், கிரைண்டர், பித்தளை அண்டா என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டு, எதிரில் தொகை எழுதி, இருவரும் கையெழுத்திட்ட பிரதி ஒன்று நம்மிடம் இருக்க வேண்டும். டிவி ஓடுகிற நிலையில், பேக்கிங்குக்கு முன் ஒரு வீடியோவும் எடுத்துக்கொள்ளலாம்.

அதே சட்டம் நமக்குச் சாதகமாக இன்னொன்றும் சொல்கிறது. அவர்களுடைய கவனக்குறைவால்தான் உடைந்தது என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் வழக்குக்குப் போவதென்றால், சாமான் புக் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். "பாத்துச் செய்றோம்" என்று போனிலேயே மாதங்களை ஓட்டிவிடுகிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், அதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டாம். கொடுத்த கட்டணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணமும் கிடையாது. என் தங்கை 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்து, பதிவுத் தபாலில் நோட்டீஸும் அனுப்பிய பிறகுதான் அந்த நிறுவனம் இறங்கி வந்தது. டிவிக்குப் பாதித் தொகை கிடைத்தது. பீரோ காலை இங்கே ஒரு ஆசாரி புதிதாகச் செய்து கொடுத்தார்.

கொட்டேஷனைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். போனில் கேட்டுச் சொல்லும் தொகை பெரும்பாலும் நிற்பதில்லை. ஆள் நேரில் வந்து பரண் மேல் இருப்பதையும் பால்கனித் தொட்டிகளையும் பைக்கையும் பார்த்துத்தான் தொகை சொல்ல வேண்டும். இறங்கும் வீட்டில் லிஃப்ட் இருக்கிறதா, தெருவுக்குள் பெரிய லாரி நுழையுமா, நுழையாவிட்டால் 'குட்டி யானை' என்கிற சிறிய சரக்கு வண்டிக்கு யார் காசு என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். உபயோகித்த வீட்டுச் சாமானுக்கு இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டி விதிப்படி எடுக்கும் மின்னணுச் சீட்டு) தேவையில்லை, அந்தப் பெயரில் காசு கேட்டால் மறுத்துவிடலாம். முழுத் தொகையையும் ஏற்றும்போதே கொடுத்துவிடாமல், ஒரு பகுதியை இறக்கிய பிறகு கொடுப்பதாகப் பேசிக்கொள்வது நல்லது.

சுமை தூக்க வரும் தொழிலாளர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பீரோவைத் தோளில் கட்டி மூன்று மாடி ஏற்றுபவருக்கு மேலே சொன்ன எந்த மோசடியிலும் பங்கில்லை. தொகையைக் குறைக்கச் சொல்லி நாம் பேரம் பேசும்போது நிறுவனம் முதலில் குறைப்பது ஆட்களின் எண்ணிக்கையைத்தான். ஆறு பேர் தூக்க வேண்டியதை நான்கு பேர் தூக்கினால் அவர்கள் இடுப்பும் போகும், நம் சாமானும் போகும். 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் இவர்களுக்கென நலவாரியம் தமிழ்நாட்டில் இருக்கிறது. அதில் பதிந்திருக்கிறார்களா என்று நிறுவனத்திடம் கேட்கும் வழக்கம் நமக்கு வர வேண்டும்.

போக்குவரத்துத் துறைக்கு என் கோரிக்கை இதுதான். ஒவ்வொரு மாவட்டத்திலும் பதிவு பெற்ற சரக்குப் போக்குவரத்து நிறுவனங்களின் பட்டியலை, சாதாரண ஆட்கள் பார்த்தால் புரியும்படி தமிழில் வெளியிட வேண்டும். கொட்டேஷனிலேயே பதிவு எண்ணை அச்சிட வேண்டும் என்று கட்டாயப்படுத்த வேண்டும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். இப்போது ஆடி, யாரும் வீடு மாற மாட்டார்கள். ஆவணி பிறந்ததும் முகூர்த்த நாள் பார்த்து எல்லோரும் ஒரே நாளில் லாரி தேடுவார்கள், வந்த வண்டியில் ஏற்றினால் போதும் என்று ஆகிவிடும். அதற்குள் மதிப்புடன் கூடிய சாமான் பட்டியலுக்கு ஒரு மாதிரிப் படிவத்தை உங்கள் இதழில் அரைப்பக்கம் அச்சிட்டால், கத்தரித்து எடுத்து அப்படியே பயன்படுத்திக்கொள்வோம்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகி,
சிங்காநல்லூர், கோவை.